பூஞ்சக்காளானின் சர்க்கரைக் கவசம்

ஊறுகாய்ச் சாடியின் மேற்பரப்பில் படரும் வெண்ணிறப் பூசணமும், மழைக்காலத்தில் தோற்செருப்பின் மீது அரும்பும் பச்சை நிறப் படலமும், ரொட்டி மாவை உப்பச் செய்யும் ஈஸ்ட்டும் பூஞ்சக்காளான் என்னும் ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்தவை. இக்குலத்தில் பெரும்பாலானவை மனிதனுக்குத் தீங்கு செய்வதில்லை. உதிர்ந்த இலையையும் பட்டுப்போன மரத்தையும் மக்கச் செய்து மண்ணுக்கு உரமாக்குவதே அவற்றின் வாழ்க்கை. ஆயினும் ஒரு சில மட்டும் உயிருள்ள பயிரினுள்ளும், மனிதனின் இரத்தத்தினுள்ளும் புகுந்து வளரும் ஆற்றலைப் பெற்றுள்ளன.

இவற்றுள் ஒன்று காண்டிடா கிளாப்ரட்டா. இது முட்டை வடிவான தனி அணுவாக வாழ்வது. ரொட்டி ஈஸ்ட்டுக்கு நெருங்கிய உறவுடையது. நல்ல உடல்நலம் உள்ளவர்களின் வாயிலும் குடலிலும் இது எவ்விதத் தொல்லையும் தராமல் குடியிருப்பதுண்டு. ஆனால் நெடுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர், இரத்தக் குழாயினுள் மருந்துக் குழல் செலுத்தப்பட்டவர், புற்றுநோய்ச் சிகிச்சையினால் எதிர்ப்புச் சக்தி குன்றியவர் ஆகியோரிடம் அது தன் இயல்பை மாற்றிக்கொள்கிறது. இரத்தத்தில் கலந்து, சிறுநீரகம், கல்லீரல் முதலிய உறுப்புகளை அடைந்து, உயிருக்கே ஆபத்தை விளைவிக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2022ஆம் ஆண்டில் முதன்முறையாக வெளியிட்ட கேடு தரும் காளான்களின் பட்டியலில், உயர் முன்னுரிமை பெற்ற வகுப்பில் இதுவும் இடம்பெற்றுள்ளது.

மனித இரத்தத்தில் காவல் இல்லாமல் இல்லை. அந்நியப் பொருளைக் கண்டவுடன் அதனைச் சூழ்ந்து விழுங்கிச் செரித்துவிடும் அணுக்கள் உடலெங்கும் உலவுகின்றன. இவ்விழுங்கும் அணுக்களிடம் அகப்பட்ட கிருமிகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. காண்டிடா கிளாப்ரட்டாவோ பிழைப்பது மட்டுமன்றி, விழுங்கிய அணுவின் உள்ளேயே பெருகவும் செய்கிறது. காவலனின் வயிற்றிலேயே குடும்பம் நடத்தும் இவ்வித்தையை இது எவ்வாறு கற்றது? ஹைதராபாத்திலுள்ள ஓர் ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகளாக இக்கேள்வியை ஆராய்ந்து வருகிறது. விடையின் ஒரு முக்கியமான பகுதி, காளான் தன்னைச் சுற்றி எழுப்பிக்கொள்ளும் சுவரில் இருக்கிறது.

சுவரின் அமைப்பு

விலங்குகளின் உயிரணுக்களுக்குச் சுவர் கிடையாது; மெல்லிய சவ்வு ஒன்றே அவற்றின் எல்லை. தாவர அணுக்களுக்கு ஸெல்லுலோஸ் என்னும் பொருளாலான சுவர் உண்டு. காளானின் சுவர் இவ்விரண்டிலும் சேராதது. 1811ஆம் ஆண்டில் ஹென்றி பிராக்கொன்னோ என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி குடைக்காளானை ஆராய்ந்து, எளிதில் கரையாத ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். பின்னர் கைட்டின் எனப் பெயர் பெற்ற அப்பொருளே இறாலின் ஓட்டிலும் கரப்பானின் மேல்தோட்டிலும் உள்ளதென்பது தெரியவந்தது. கைட்டின் என்பது சர்க்கரை வகையைச் சேர்ந்த சிறு மூலக்கூறுகள் மணிமாலைபோல் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலியாகும்.

சர்க்கரை என்றவுடன் இனிப்பும் கரையும் தன்மையுமே நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் இரசாயன நோக்கில், அரிசியிலுள்ள மாவுச்சத்தும் குளுக்கோஸ் சர்க்கரையால் ஆனது. பருத்தி நூலும் அதே குளுக்கோஸால் ஆனது. முன்னது வாயிலேயே செரிக்கத் தொடங்குகிறது. பின்னது ஆண்டுக்கணக்கில் ஆடையாக உழைக்கிறது. இவ்வேற்றுமைக்குக் காரணம், ஒரு குளுக்கோஸை அடுத்ததுடன் பிணைக்கும் முறையே. ஒரே செங்கல்லைக் கொண்டு அடுப்பும் கட்டலாம், கோட்டை மதிலும் கட்டலாம் என்பது போன்றது இது.

ஈஸ்ட்டின் சுவரில் மூன்று சர்க்கரைப் பொருள்கள் முக்கியமானவை. சவ்வை ஒட்டிய உட்புறத்தில் கைட்டின் சிறிதளவு உண்டு. அதனுடன் பின்னி, சுவரின் பெரும்பகுதியாக அமைந்து, அதற்கு வலிமை அளிப்பது பீட்டா-குளூக்கான் என்னும் குளுக்கோஸ் சங்கிலி. இவற்றிற்கு வெளியே, புரதங்களின் மீது அடர்ந்த தோகைபோல் நீண்டு நிற்பது மன்னான். இது மன்னோஸ் என்னும் வேறொரு சர்க்கரையால் ஆனது. ஈரம் நீக்கிய ஈஸ்ட்டின் எடையில் 15 முதல் 30 சதவீதம் வரை சுவரே ஆகும். இத்துணைச் சிறிய உயிர் தன் செல்வத்தில் இவ்வளவு பெரும்பங்கைச் சுவருக்கென்று செலவிடுகிறது எனில், சுவரின்றி அதற்கு வாழ்வில்லை என்பது பெறப்படும்.

கட்டும் என்ஸைம்கள்

இச்சுவரைக் கட்டுபவை என்ஸைம்கள் எனப்படும் நொதிகள். ஒவ்வோர் என்ஸைமும் ஒரு குறிப்பிட்ட வேலையை மட்டுமே அறிந்த கைவினைஞனைப் போன்றது. எனினும் வெறும் குளுக்கோஸை எடுத்துச் சங்கிலியில் கோக்க எந்த என்ஸைமாலும் இயலாது. அச்சர்க்கரை முதலில் யூரிடின் டைபாஸ்பேட் என்னும் பொருளுடன் இணைந்து வினைக்குத் தயாராக வேண்டும். இவ்வகைக் கூட்டுப்பொருள்களைக் கண்டறிந்தவர் ஆர்ஜென்டினா நாட்டின் லூயி லெலுவார். இதற்காக அவருக்கு 1970ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. இக்கூட்டுப்பொருளைச் செங்கல்லுடன் அதனை ஒட்டுவதற்கான சாந்தும் சேர்ந்து வருவதற்கு ஒப்பிடலாம்.

பீட்டா-குளூக்கானை உண்டாக்கும் என்ஸைம், காளானின் சவ்வில் பதிந்து நிற்கிறது. அணுவின் உட்புறத்திலிருந்து குளுக்கோஸை ஒவ்வொன்றாகப் பெற்று, அதனைச் சங்கிலியில் கோத்து, வளரும் சங்கிலியைச் சவ்வின் வெளிப்புறத்துக்குத் தள்ளுகிறது. கைட்டினை உண்டாக்கும் என்ஸைம்களும் இவ்வாறே சவ்விலிருந்து தொழிற்படுகின்றன. மன்னான் தயாராகும் இடம் வேறு. அது அணுவின் உள்ளேயிருக்கும் கோல்கி என்னும் பட்டறையில், ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் பல என்ஸைம்களால் புரதத்தின்மீது கட்டப்பட்டு, நுண்ணிய பைகளில் ஏற்றப்பட்டு மேற்பரப்பை அடைகிறது.

கட்டி முடித்தவுடன் சுவர் அப்படியே நின்றுவிடுவதில்லை. ஈஸ்ட் அரும்பு விட்டுப் பெருகும்போது ஓரிடத்தில் சுவர் இளக வேண்டும். அரும்பு பிரிந்த பின் அவ்விடம் மீண்டும் இறுக வேண்டும். ஆதலின் கட்டும் என்ஸைம்களுடன், வெட்டும் என்ஸைம்களும் ஒட்டும் என்ஸைம்களும் இடைவிடாமல் வேலை செய்கின்றன. வெப்பம், பட்டினி, மருந்து ஆகிய எந்த நெருக்கடி நேரினும் அதற்கேற்பச் சுவரின் கலவையும் மாறுகிறது.

மறைப்பும் வெளிப்பாடும்

மனித உடலில் பீட்டா-குளூக்கான் உண்டாவதில்லை. ஆகவே அப்பொருள் தென்படும் இடத்தில் அந்நியன் புகுந்துவிட்டான் என்பது உறுதி. இந்த அடையாளத்தை உடல் நன்கு அறிந்து வைத்திருக்கிறது. விழுங்கும் அணுக்களின் மேற்பரப்பிலுள்ள டெக்டின்-1 என்னும் புரதமே பீட்டா-குளூக்கானைத் தொட்டறியும் கருவி என்பதை, இங்கிலாந்திலுள்ள ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்கள் 2001ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். அது குளூக்கானைத் தொட்டவுடன், அணுவினுள் அபாய அறிவிப்பு எழுகிறது. பிற காவல் அணுக்களை அழைக்கும் பொருள்கள் சுரக்கின்றன.

காளானின் தந்திரம் இங்குதான் விளங்குகிறது. காட்டிக்கொடுக்கும் குளூக்கான் உட்புறத்தில் இருக்கிறது. அதன்மீது மன்னான் அடர்ந்து போர்த்தியுள்ளது. அரும்பு பிரிந்த தழும்பு போன்ற சிற்சில இடங்களில் மட்டுமே குளூக்கான் வெளியே தெரிகிறது. மன்னானை நீட்டும் என்ஸைம்களில் பழுது ஏற்பட்டால் போர்வை கிழிந்து, உள்ளிருக்கும் அடையாளம் வெளிப்பட்டுவிடும். இவ்வாறு, சுவரின் வெளிப்புறச் சர்க்கரையைக் கட்டும் என்ஸைம்கள் காளானுக்கு வீடு கட்டித் தருவதுடன், அந்த வீட்டின் முகவரியையும் மறைத்துத் தருகின்றன.

ஹைதராபாத் ஆராய்ச்சி

ஹைதராபாத்தின் உப்பல் பகுதியில், மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையைச் சார்ந்த டி.என்.ஏ. ரேகைப் பதிவு மற்றும் நோயறி மையம் அமைந்துள்ளது. குற்ற வழக்குகளில் உறவையும் அடையாளத்தையும் நிறுவும் பணிக்காகப் பொதுமக்களிடையே பெயர் பெற்ற இம்மையத்தில், காளான் நோய்களுக்கென ஓர் ஆராய்ச்சிக் கூடமும் உண்டு. டாக்டர் ரூபிந்தர் கௌர் தலைமையிலான அக்கூடத்தினர் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் குறிப்பிடத்தக்கது.

அவர்கள் கையாண்ட முறை எளிய தர்க்கத்தைக் கொண்டது. காண்டிடா கிளாப்ரட்டாவின் மரபுப் பொருளில் ஆங்காங்கே ஒரு சிறு டி.என்.ஏ. துண்டைச் செருகினால், செருகப்பட்ட இடத்திலுள்ள மரபுக்கூறு செயலிழக்கும். இவ்வாறு ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் பழுதுபட்ட 18,350 ஈஸ்ட் வகைகள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. மந்தையிலுள்ள மாடுகளுக்குச் சூடு போட்டு அடையாளம் வைப்பதுபோல், கூட்டத்தில் கலந்தபின்னும் இனங்காணத்தக்க அடையாளங்கள் அவற்றில் இடப்பட்டிருந்தன. பின்னர் அவை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட மனித விழுங்கும் அணுக்களிடம் விடப்பட்டன. குறித்த நேரம் கழிந்தபின் கணக்கெடுத்தபோது, எவை குறைந்துபோயினவோ, அவற்றில் பழுதுபட்டிருந்த மரபுக்கூறே உயிர்பிழைக்க இன்றியமையாதது என்று கொள்ளலாம்.

இவ்வாறு 56 மரபுக்கூறுகள் இனங்காணப்பட்டன. அவற்றுட் சில, டி.என்.ஏ.வைச் சுருட்டியும் விரித்தும் வைக்கும் பணியைச் சார்ந்தவை. விழுங்கப்பட்ட ஈஸ்ட் தன் மரபுப் பொருளின் அமைப்பையே மாற்றிக்கொண்டு புதிய சூழ்நிலைக்குத் தயாராகிறது என்பதை இவை காட்டின. வேறு சில, கோல்கிப் பட்டறையின் பைப் போக்குவரத்தைச் சார்ந்தவை. மன்னான் முதலான சுவர்ப் பொருள்கள் மேற்பரப்பை அடைவது இப்பாதை வழியாகவே என்பதை நினைவுகூர்ந்தால், இம்முடிவின் பொருள் விளங்கும். வீடு கட்டுவோர் எத்துணைத் திறமைசாலிகளாயினும், வண்டிப்பாதை அடைபட்டால் கட்டடம் எழாது.

இதே ஈஸ்ட்டின் மேற்பரப்பில் யாப்ஸின்கள் எனப்படும் 11 என்ஸைம்கள் உள்ளன. இவை சர்க்கரையைக் கோப்பவை அல்ல. சுவரில் பதிந்துள்ள புரதங்களை வெட்டிச் சீர்செய்பவை. கட்டடத் தொழிலில் கொத்தனாருக்குப் பின் உளியுடன் வரும் ஆளைப் போன்றவை. இப்பதினொன்றும் நீக்கப்பட்ட ஈஸ்ட், சுவரைத் தாக்கும் பொருள்களுக்கு எளிதில் இரையாவதையும், சுண்டெலிகளில் நோய் உண்டாக்கும் திறன் குன்றியிருப்பதையும், டாக்டர் கௌர் அமெரிக்காவில் பணியாற்றிய காலத்து ஆய்வு 2007ஆம் ஆண்டில் காட்டியது. ஹைதராபாத்தில் தொடர்ந்து நடந்து 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு மேலும் ஒருபடி சென்றது. யாப்ஸின் இல்லாத ஈஸ்ட்டை விழுங்கிய அணுக்கள், இண்டர்லூக்கின்-1 பீட்டா என்னும் அபாய அறிவிப்புப் பொருளை மிகுதியாகச் சுரந்தன. யாப்ஸின் உள்ள இயல்பான ஈஸ்ட்டை விழுங்கிய அணுக்களிடம் அவ்வறிவிப்பு அடங்கியே இருந்தது. ஆகவே மேற்பரப்பை இடைவிடாமல் திருத்தி அமைக்கும் இவ்வென்ஸைம்கள், காவல் மணியை ஒலிக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும் கைகளாகவும் உதவுகின்றன.

மருந்துக்கு ஒரு வாயில்

இவ்வாராய்ச்சிகளின் பயன் யாது? காளான் நோய்க்கு மருந்து காண்பது பாக்டீரியா நோய்க்கு மருந்து காண்பதைவிடக் கடினம். காளானின் அணு, உள்ளமைப்பில் மனித அணுவை மிகவும் ஒத்திருக்கிறது. ஒன்றைக் கொல்லும் நஞ்சு மற்றொன்றையும் வருத்தும். ஆனால் சுவரைப் பொறுத்தவரை இந்த ஒற்றுமை இல்லை. பெனிஸிலின் பாக்டீரியாவின் சுவர் எழும்பாமல் தடுத்து அதனைக் கொல்வதுபோல, காளானின் சுவரைக் கட்டும் என்ஸைமைத் தடுத்தால் நோயாளிக்கு அதிகத் தீங்கின்றிக் காளானை அழிக்கலாம்.

இக்கருத்தின் விளைவே எக்கினோகாண்டின் என்னும் மருந்துக் குலம். பீட்டா-குளூக்கானைக் கட்டும் என்ஸைமை இவை தடுக்கின்றன. இக்குலத்தின் முதல் மருந்தாகிய காஸ்போஃபங்கின் 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரத்தத்தில் பரவிய காண்டிடா நோய்க்கு இன்று மருத்துவர்கள் முதலில் நாடுவன இம்மருந்துகளே. காளானைக் கொல்லப் போதாத சிறிய அளவில் கொடுத்தபோதும், காஸ்போஃபங்கின் மறைப்பைக் குலைத்துக் குளூக்கானை வெளிப்படுத்துகிறது என்பது 2006ஆம் ஆண்டில் அறியப்பட்டது. மருந்து தானும் தாக்கி, காவலர்க்கும் வழி காட்டுகிறது.

ஆயினும் போர் முடிந்துவிடவில்லை. குளூக்கான் குறையும்போது காளான் கைட்டினை மிகுதியாக உண்டாக்கி ஈடுசெய்துகொள்கிறது. மேலும், குளூக்கான் என்ஸைமின் மரபுக்கூற்றிலேயே மாறுதல் ஏற்பட்டு, மருந்துக்கு அடங்காத காண்டிடா கிளாப்ரட்டா வகைகள் பல நாடுகளில் தோன்றியுள்ளன. எல்லாக் காளான்களின் சுவரும் ஒரே வகையானதன்று என்பதும் கருதத்தக்கது. 2021ஆம் ஆண்டில் கோவிட் நோயின் இரண்டாம் அலையின்போது இந்தியாவில் பலரைப் பாதித்த கருப்புப் பூஞ்சை நோயின் காளான்களில் பீட்டா-குளூக்கான் மிகக் குறைவு. ஆதலால் எக்கினோகாண்டின் மருந்தை மட்டும் நம்பி அந்நோயைக் குணப்படுத்த இயலாது. எந்தக் காளான், எத்தகைய சுவர் என்று அறிந்த பின்னரே மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

காட்டிக்கொடுக்கும் சுவர்

காளானைப் பாதுகாக்கும் அதே சுவர், ஆய்வுக்கூடத்தில் அதனைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. நெல் தாளோ கரும்புத் தோகையோ கண்ணில் கீறிவிட, உழவர்களுக்குக் கருவிழியில் காளான் புண் உண்டாவது நம் நாட்டில் அடிக்கடி நிகழ்வது. நாட்கள் கடந்தால் பார்வை போய்விடும். இந்நிலையில் புண்ணிலிருந்து சிறிது சுரண்டியெடுத்து, கால்கோஃப்ளோர் வெள்ளை என்னும் சாயத்தைச் சேர்த்து, புற ஊதாக் கதிர் பாயும் நுண்பெருக்கியில் நோக்குவார்கள். துணிகளுக்கு வெண்மை ஊட்டப் பயன்பட்ட இச்சாயம் கைட்டின் போன்ற சர்க்கரைச் சங்கிலிகளில் ஒட்டிக்கொள்ளும். காளான் இழைகள் இருண்ட பின்னணியில் நீலவெண்மையாய் ஒளிரும். 1987ஆம் ஆண்டில் ஹைதராபாத்தில் தொடங்கப்பெற்ற எல். வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்தில் இம்முறை நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வருகிறது. காளானை வளர்த்துப் பார்க்க நாட்கள் பிடிக்கும். இச்சோதனையோ சிறிது நேரத்தில் முடியும். இவ்வாறே, இரத்தத்தில் கலந்துள்ள பீட்டா-குளூக்கானை அளந்து, உள்ளுறுப்புகளில் காளான் பரவியிருப்பதை ஊகிக்கும் சோதனையும் வழக்கில் உள்ளது.

வயலிலும் இதே வழி

மனித உடலில் நிகழும் இம்மறைப்பு நெல் வயலிலும் நிகழ்கிறது. நெற்பயிரின் குலைநோய் தமிழ்நாட்டு உழவர்களுக்குப் புதிதன்று. 1919ஆம் ஆண்டில் தஞ்சை டெல்டாவில் அது பெருஞ்சேதத்தை விளைவித்தது. ஹைதராபாத்தின் இராஜேந்திரநகரில் 1965ஆம் ஆண்டில் தொடங்கிய அகில இந்திய நெல் ஆராய்ச்சித் திட்டமும், அதிலிருந்து வளர்ந்த இந்திய நெல் ஆராய்ச்சி நிலையமும் இந்நோயைத் தாங்கும் வகைகளைத் தேடும் பணியைத் தொடர்ந்து செய்து வருகின்றன.

நெற்பயிருக்கு விழுங்கும் அணுக்கள் கிடையாது. ஆயினும் காளானின் கைட்டினை உணர்ந்து எச்சரிக்கை கொள்ளவும், அதனை உடைக்கும் என்ஸைமைச் சுரக்கவும் அதற்குத் தெரியும். குலைநோய்க் காளான் இதற்கு மாற்று கண்டிருக்கிறது. இலையின் மெழுகில் உள்ள ஒரு பொருளை உணர்ந்தவுடன், அது ஆல்பா-குளூக்கான் என்னும் மற்றொரு சர்க்கரைச் சங்கிலியைக் கட்டும் என்ஸைமை ஏவி, தன் மேற்பரப்பைப் பூசிக்கொள்கிறது. இப்பூச்சினை உடைக்கும் என்ஸைம் நெல்லிடம் இல்லை. அவ்வென்ஸைமை இழந்த காளானால் நெல்லைத் தாக்க முடியவில்லை என்றும், ஆல்பா-குளூக்கானைக் கரைக்கும் பாக்டீரியா என்ஸைமைச் சுரக்குமாறு மாற்றப்பட்ட நெற்பயிர் குலைநோயை வலிமையுடன் எதிர்த்தது என்றும் ஜப்பானிய விஞ்ஞானிகள் 2012ஆம் ஆண்டில் தெரிவித்தனர். அதே நாட்டில் 1965ஆம் ஆண்டில் மண்ணுயிர் ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பாலியாக்ஸின் என்னும் பொருள், கைட்டினைக் கட்டும் என்ஸைமைத் தடுப்பது. நெல்லின் இலையுறைக் கருகல் நோய்க்கு அது மருந்தாகப் பயன்பட்டது.

உப்பலில் ஆராயப்படும் ஈஸ்ட்டுக்கும் இராஜேந்திரநகர் வயலிலுள்ள காளானுக்கும் உறவு மிகத் தொலைவு. ஒன்று மனித இரத்தத்திலும் மற்றொன்று நெல் இலையிலும் பிழைக்கின்றன. ஆயினும் தம்மைக் காட்டிக்கொடுக்கும் சர்க்கரையை வேறொரு சர்க்கரையால் போர்த்துக்கொள்வதில் இரண்டும் ஒரே வழியைப் பின்பற்றுகின்றன. எனவே அப்போர்வையை நெய்யும் என்ஸைம்களை அறிவது மருத்துவருக்கும் உழவருக்கும் ஒருங்கே பயன்படும். சுவரைத் தாக்கும் மருந்துகளும் காலப்போக்கில் வலுவிழக்கக்கூடும் என்பது தெளிவாகிவிட்டது. ஆகவே இருக்கும் மருந்தை நோயின் காரணத்தை உறுதி செய்துகொண்டு அளவறிந்து பயன்படுத்துவதும், கைட்டினையும் மன்னானையும் கட்டும் மற்ற என்ஸைம்களைத் தடுக்கும் வழிகளைத் தேடுவதும் ஒருசேர நடைபெற வேண்டும். ஹைதராபாத்தில் இனங்காணப்பட்ட 56 மரபுக்கூறுகள், அத்தேடலை எங்கெங்கே தொடங்கலாம் என்பதைச் சுட்டிக்காட்டுகின்றன.